கொல்லிமலையில் ஒரு தற்காப்பு வழக்கு

கொல்லிமலைப் பேருந்தில் ஏறும் முன்பே எலுமிச்சம்பழம் விற்பவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரே பழம் போதும், முகர்ந்துகொண்டே போனால் குமட்டாது என்கிறார்கள். குமட்டியவர் யாரும் இறங்கி வந்து புகார் கொடுப்பதில்லை என்பதுதான் இந்த வியாபாரத்தின் அஸ்திவாரம். நான் வாங்கவில்லை. குற்றவியல் நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். வாழ்நாளெல்லாம் பிறர் சொன்னதைப் பதிவு செய்து வந்ததில், சொல்கிறவர் முகத்தை முதலில் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

இருபதாவது வளைவில், வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. அது வேறு விஷயம்.

சென்னையிலிருந்து என்னை வரவழைத்தவள் சேந்தமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை சரோஜா. அவள் கணவர் தங்கவேல் மலையில் பலா மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, பழத்தை லாரியில் அனுப்புகிறவர். அவர் குத்தகைக்கு எடுத்த தோட்டங்களில் ஒன்று வாழவந்தி நாட்டுப் பொன்னுசாமியுடையது; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மரத்துக்குச் சொந்தக்காரர், பழம் வெட்டுகிறவர், மொபெட்டில் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவர் எல்லாம் அவரே. போன வாரம் ஒருநாள் காலையில் அப்படிப் பழத்தோடு வந்த பொன்னுசாமியைக் கரடி மறித்தது. அவர் கொடுவாளால் கரடியை வெட்டினார். கரடி அவர் தலையையும் இடது கையையும் கிழித்துவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்டக் காட்டுக்குள் போய்விட்டது. இன்னும் கண்ணில் படவில்லை. வனத்துறை பொன்னுசாமியை வாக்குமூலத்துக்கு அழைத்திருந்தது. கரடி, சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் உள்ள விலங்கு. வாய் தவறினால் ஆண்டுக்கணக்கில் சிறை.

“அவன் என்ன பேசோணும்னு நீங்க வந்து சொல்லிக் குடுத்தாப் போதும், அண்ணா” என்று சரோஜா போனில் சொல்லியிருந்தாள். சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வெளிப்படையாக என்னையே அழைத்தது என் தங்கைதான்.

மலையேறுவதற்கு முந்தின நாள் அவள் வீட்டில் விருந்து. நாட்டுக்கோழி வறுவல், அரிசியும் பருப்பும் சோறு, கெட்டித் தயிர். மூன்றாம் முறையாகக் கோழியை அள்ளி வைக்கும் மாப்பிள்ளையைச் சந்தேகிக்கலாம் என்பது என் அனுபவம். தங்கவேல் நான்காம் முறையும் வைத்தார். வைத்துக்கொண்டே சொன்னார்: “கரடி மேல வந்து உழுந்துருச்சுங்க, மச்சான். உசிருக்குத் தப்பிக்க வெட்டுனான். வேற வழியில்ல.” ரசம் கொண்டுவந்த சரோஜாவும் அதையே, அந்த வரிசையிலேயே சொன்னாள்.

வேறு வழியில்லை என்ற சொல் எனக்குப் புதிதல்ல. போன குளிர்காலத்தில் கனடாவில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே பனியின்மேல் சறுக்கிக்கொண்டு ஓடும் மோட்டார் வண்டி உண்டு. நம் ஊர் மொபெட் போல் ஆளுக்கொன்று. மூஸ் என்று ஒரு மான் இனம், எருமையைவிட உயரம். ஆழப் பனியில் நடக்க முடியாமல் இந்த வண்டிகள் அழுத்திப் போட்ட தடத்திலேயே அதுவும் நடக்கும். எதிரே வண்டி வந்தாலும் விலகாது, ஏனென்றால் விலகினால் வயிறுவரை புதையும். மகளின் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒன்றைச் சுட்டுவிட்டு, தற்காப்பு, வேறு வழியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வழி இருந்ததா என்று நான் கேட்டேன். அதன்பிறகு அந்த வீட்டில் எனக்குக் காபி கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், தற்காப்பு வழக்குகளில் கேட்க வேண்டியது அந்த ஒரு கேள்விதான். என் அடுக்ககத்தில் தெருநாயை அடித்தவர்களிடமும் அதையே கேட்டு, சங்கக் கூட்டத்துக்கு அழைக்கப்படாதவனாக இருக்கிறேன்.

தங்கவேலின் பிக்கப் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகச் சொன்னார். ஆகவே எனக்குப் பேருந்து. பொன்னுசாமியோடு சேர்ந்து யார் கண்ணிலும் பட அவர் விரும்பவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

பாதி மலையில் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று எதிரே வந்து வளைவில் மாட்டிக்கொண்டது. இரண்டு ஓட்டுநர்களும் எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்று நடத்துநரிடம் எடுத்துச் சொன்னேன்.

“ஏனுங்க, நீங்களே எறங்கிப் போயி அந்த லாரிக்காரங்கிட்டச் சொல்லிப்போட்டு வந்துருங்களேன்” என்றார் அவர்.

அந்த நேரத்தில் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பொன்னுசாமியின் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பழத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தால் கரடி ஏன் கையை ஓங்கப்போகிறது என்றாள் ஒருத்தி. குத்தகைக்காரனுடைய பழத்தைப் போட்டுவிட்டு வந்தால் அவன் கையை ஓங்குவான், கரடியாவது காட்டுக்குப் போய்விடும் என்றாள் மற்றவள். இருவரும் சிரித்தார்கள். குத்தகைக்காரரின் மைத்துனனான நான் பின்னால் உட்கார்ந்து சன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் லாரிதான் பின்வாங்கியது. சட்டத்துக்காக அல்ல, பின்னால் டீக்கடை இருந்தது.

செம்மேட்டில் இறங்கியதும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். முட்டிவலி போய்விடும் என்று பலகை. மிளகுக் காரத்தில் கண்ணீர் வந்தது. முட்டி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. தேன் விற்றவர் சீசாவைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுத்தத்தை நிரூபித்தார். நிரூபிக்க இவ்வளவு அவசரப்படும் தேனை நான் வாங்குவதில்லை.

பொன்னுசாமி அங்கேயே மொபெட்டோடு காத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு. பாதி மழித்த தலையில் தையல், இடது கையில் முழங்கைவரை கட்டு. பின்னால் உட்காரத் தயங்கினேன். “பயப்படாம ஏறுங்கையா. ரெண்டு கையும் இருந்தப்பவும் இப்படித்தான் ஓட்டுவேன்” என்றார். அது ஆறுதல் இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. வழியில் அவரும் சொன்னார்: கரடி மேலே வந்து விழுந்தது, உயிருக்குத் தப்பிக்க வெட்டினேன், வேறு வழியில்லை.

வீட்டில் அவர் மனைவி சின்னப்பொண்ணு சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தார். எங்கள் ஊரில் சாமை இப்போது நோயாளிகளின் உணவாக, கண்ணாடிப் புட்டியில், மருந்து விலைக்கு வருகிறது. இங்கே வெறும் பசிக்குச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. அவரும் அதே மூன்று வாக்கியங்களைச் சொன்னார். நான்கு வாயில் ஒரே வார்த்தைகள் வந்தால், அவை அந்த நான்கு பேருடையவையும் அல்ல. அல்லது நான்கில் ஒருவருடையவை மட்டுமே.

கை கழுவப் போனவன் மொபெட்டைச் சுற்றி வந்தேன். பழத்தை இறுக்கிக் கட்டும் லாரி ட்யூப் பட்டை பின்சீட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நுனி ஒரே வெட்டில், நேராக இருந்தது. இழுபட்டு அறுந்த ரப்பர் அப்படி இருக்காது. கரடி மேலே விழுந்து உயிருக்குப் போராடுகிறவன் கட்டை அறுத்துக்கொண்டா இருப்பான்? அப்படியானால் சுமையை மறைக்கத்தான் அறுத்தாரா, வண்டியில் இருந்தது பலாப்பழம்தானா? காட்டுப்பன்றிக் கறியாக இருந்தால் தற்காப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. உயிரைக் காத்துக்கொள்ள விலங்கை வெட்டியவனை வனவிலங்குச் சட்டம் விட்டுவிடும். ஆனால் அந்த நேரத்தில் அவனே அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் விடாது. மாப்பிள்ளை நான்காம் முறை வைத்த கோழி நினைவுக்கு வந்தது.

பழம் வெட்டிய மரத்தைக் காட்டச் சொன்னேன். பொன்னுசாமி மனைவியைப் பார்த்தார். அவர் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு மூவரும் போனோம்.

தோட்டத்தில் இருந்த எல்லா மரத்திலும் மிளகுக் கொடி ஏறியிருந்தது. கொல்லிமலையில் சும்மா நிற்கும் மரத்தைப் பார்ப்பது கடினம். நிழல் தருவதோடு கொடியையும் தாங்க வேண்டும். தோட்டத்தின் கடைசியில், காட்டெல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், ஒரு பெரிய பலா மட்டும் கொடியில்லாமல் மொட்டையாக நின்றது. அடியில் களை எடுக்கவில்லை. அடிமரமெங்கும் நகக் கீறல்கள். பழையவற்றின் மேல் புதியவை. கீழ்க்கிளைகளில் பழம் வெட்டிய காம்புகள் பால் வடிந்து காய்ந்திருந்தன. உச்சியில் சில பழங்கள் மிச்சம்.

இதில் ஏன் கொடி ஏற்றவில்லை என்று கேட்டேன். பொன்னுசாமி கைக்கட்டைச் சரிசெய்துகொண்டார். இந்த மரம் யாருடையது என்றேன். மறுபடியும் கைக்கட்டைத்தான் சரிசெய்தார்.

“சொல்லித் தொலைங்களேன். பழி என்னமோ நம்ம மேல, அந்தக் குத்தகைக்கார அண்ணன் கௌரவத்துக்கு நாம வாய மூடிக்கிட்டு நிக்கறோம்” என்றார் சின்னப்பொண்ணு. பிறகு என் பக்கம் திரும்பினார். “இது கரடிக்கு உட்ட மரமுங்க.”

அவர் சொன்னது இது. காட்டோரத்தில் தோட்டம் வைத்திருக்கும் அவர்கள் பங்காளிகள் எல்லோரும் கடைசி மரத்தைக் கரடிக்கு என்று விட்டுவிடுவார்கள். அதில் கொடி ஏற்றுவதில்லை, பழம் தொடுவதில்லை, கீழே விழுந்ததைக்கூடப் பொறுக்குவதில்லை. கரடி அதைத் தின்றுவிட்டு அப்படியே திரும்பிவிடும்; தோட்டத்துக்குள் வராது. இந்த ஆண்டு தங்கவேல் குத்தகை பேசியபோது, மரம் என்றால் எல்லா மரமும்தான் என்று சொல்லிவிட்டார். கரடிக்குக் குத்தகை எழுதிக் கொடுத்தது யார் என்று சிரித்தாராம். பொன்னுசாமி ஏறி வெட்டினார். இது வெளியே தெரிந்தால் நாட்டில் ஒருவரும் தங்கவேலுக்கு மரம் கொடுக்க மாட்டார்கள். மூன்று வாக்கியங்களின் ஆசிரியர் யார் என்பது விளங்கியது.

“அப்போ ட்யூபை எதுக்கு அறுத்தீங்க?”

“குடுத்தரலாம்னு தானுங்க.” பொன்னுசாமி அப்போதுதான் வாய் திறந்தார். “பழத்த எடுத்தது நானு. அது தடத்துல வந்து நின்னு கேட்டுச்சு. முடிச்சு அவுரல, கொடுவாள எடுத்து அறுத்தேன். அதுக்குள்ள அது பழத்து மேல கையப் போட்டுருச்சுங்க. ட்யூபோட சேத்து அது வெரலுகளும் போயிருச்சு.”

அதன்பிறகுதான் கரடி அடித்தது. அவர் திருப்பி வெட்டவில்லை.

என் கேள்வியைக் கேட்டேன். திரும்பிப் போக வழி இருந்ததா?

“இருந்துச்சுங்க. வண்டியப் போட்டுட்டு ஓடியிருந்தா வந்திருக்காது.”

உண்மைதான் என்று நம்பினேன். அதனாலேயே பயந்தேன். பொய்யில் தற்காப்பு என்ற கூரை இருந்தது. உண்மையில் கூரையே இல்லை. கைதவறிப் பட்டது என்பதை எவரும் எளிதில் நம்புவதில்லை. அதோடு இவர், எடுத்தது நான், கேட்டது அது என்று ஆரம்பித்தால், காட்டுப் பொருளைத் திருடியதாக ஒரு வரி சேர்ந்துகொள்ளும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், உயிருக்குப் பயந்து என்று ஒரு வார்த்தை போதும், பயந்தது பொய்யில்லையே என்றேன்.

“பயந்தது அப்பறமுங்க” என்றார் பொன்னுசாமி.

செம்மேட்டு விடுதியில் தங்கினேன். துண்டு ஈரமாக இருந்தது. புதிதாகத் துவைத்தது என்றார்கள்.

மறுநாள் வனத்துறை அலுவலகம். ரேஞ்சர் முப்பத்தைந்து வயதுப் பெண். மேசைமேல் தண்ணீர்ப் பாட்டில், டிபன் பாக்ஸ், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஊர், பெயர், தொழில் எல்லாம் கேட்டு எழுதினார். பழம் எந்த மரத்தில் வெட்டியது என்று கேட்டார். கடைசி மரத்தில் என்றார் பொன்னுசாமி. அது யார் மரம் என்றார் ரேஞ்சர்.

“கரடியோடதுங்க.”

பேனா நின்றது. நான் எழுந்தேன். பட்டா நிலம், எல்லைக்கல்லுக்கு உள்ளே, மரம் இவர் தகப்பனார் காலத்திலிருந்து இவர்களுடையது, சொந்த மரத்தில் பழம் வெட்டுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்று தொடங்கினேன்.

“நீங்க வக்கீலா சார்?”

ஓய்வு பெற்ற சிரஸ்தார் என்றேன்.

“அப்படின்னா உக்காந்தே கேளுங்க. உங்களுக்குத் தெரியாத நடைமுறை இல்ல.”

உட்கார்ந்தேன். ரேஞ்சர் பொன்னுசாமியிடம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். “கொடுவாளை ஓங்குனது உங்க உயிரைக் காப்பாத்திக்கவா?”

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் மாலையே வீட்டுக்குப் போய்விடலாம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லீங்கம்மா. கட்ட அறுத்து உடத்தான். அது பங்க நாந்தான் எடுத்தேன். அது மேல தப்பு சொல்லாதீங்க.”

ரேஞ்சர், சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். ஒரு வரியையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. தலைகீழாகப் படிப்பது என் பழைய தொழில். கொடுவாளையும் ட்யூபையும் பறிமுதல் செய்து ரசீது கொடுத்தார். “கரடி செத்துக் கெடந்தா என் கையில ஒண்ணும் இல்ல. உயிரோட இருந்தா, கைதவறிப் பட்டதுன்னு என் கருத்தையும் சேர்த்து மேல அனுப்பலாம்” என்றார். மரத்தில் மிச்சமிருப்பதைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். காப்பாளர்கள் நாலு பக்கமும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனால், ஒர்க்‌ஷாப்பில் இருந்த பிக்கப் அங்கே நின்றது. தங்கவேல் உச்சிப் பழத்துக்கு ஆள் கூட்டி வந்திருந்தார். என்னைக் கண்டதும் வண்டி சரியாகிவிட்டது என்றார். நல்ல மெக்கானிக் என்றேன். மரத்தடியில் சின்னப்பொண்ணு நின்றிருந்தார். “அண்ணா, குத்தகை மனுசங்க மரத்துக்குத்தான். ஏறோணும்னா நீங்க ஏறுங்க. ஆள ஏத்தாதீங்க” என்றார். தங்கவேல் மரத்தை அண்ணாந்து பார்த்தார், நகக் கீறல்களைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். பேருந்து வேண்டாம், கூடவே வந்துவிடுங்கள் மச்சான் என்று அழைத்தார். எனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்றேன். உண்மையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அடுத்த நாள் காலையில் ரேஞ்சரும் ஒரு வனக் காப்பாளரும் மரத்தைப் பார்வையிட வந்தார்கள். உச்சியிலிருந்து ஒரு பழம் விழுந்து களைக்குள் கிடந்தது. காப்பாளர்தான் முதலில் குனிந்தார். பழத்தின் தோலில் கீறல்கள்.

எனக்குத் திருப்தி வரவில்லை. ஓர் ஆளைக் காப்பாற்ற ஒரு பழத்தைக் கீறி வைப்பது பெரிய காரியமல்ல. கொடுவாள் பறிமுதலானால் என்ன, அரிவாள்மனை இருக்கிறதே. உட்கார்ந்து பார்த்தேன். கீறலில் வழிந்த பாலில் கறுத்த நீளமான முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பலாப்பால் பிடித்ததை விடாது. எந்த மாப்பிள்ளைக்கும் இந்த யோசனை வந்திருக்காது. ரேஞ்சர் ஒரு காகிதத்தில் முடிகளை எடுத்து மடித்தார். நேற்றுவரை சிரிக்காத முகம் லேசாகத் தளர்ந்தது. “நடமாடுது” என்றார்.

சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பொன்னுசாமி மட்டும் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நானும் முழுதாகப் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்து கோடுகள், ஆழமாக. மறுபக்கம் இரண்டே இரண்டு, மேலோட்டமாக வழுக்கிப் போயிருந்தன. சுற்றிலும் களை நசுங்கியிருந்தது. கரடி பழத்தை நெடுநேரம் உருட்டியிருக்கிறது. பழம் உடையவில்லை. தின்னாமலே போயிருந்தது.

பொன்னுசாமி காப்பாளரிடம் கையை நீட்டினார். காப்பாளர் ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சருக்கு அந்த நேரத்தில் போனில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. சிக்னல் தேடி மிளகுக் கொடிகளுக்கு இடையே நடந்து போனார். காப்பாளர் இடுப்பிலிருந்த கொடுவாளை உருவிக் கொடுத்தார்.

பொன்னுசாமி கையில் எண்ணெய் தடவிக்கொள்ளக்கூட இல்லை. கட்டுப் போட்ட கையால் பழத்தை அணைத்துப் பிடித்து, ஒரே போடாகப் பிளந்து, இரண்டு பாதியையும் சுளை மேலே தெரியும்படி மரத்தோடு சாய்த்து வைத்தார். பாலெல்லாம் கட்டுத் துணியில் ஒட்டிக்கொண்டது.

“ஒத்தக் கையில அதுக்குப் பொளக்க வராதுங்கையா” என்றார். “இனி நாந்தான் வந்து பொளந்து வெக்கோணும்.”

காட்டு விலங்குக்குத் தீனி வைப்பது குற்றம். எந்த விதியின்கீழ், என்ன தண்டனை என்பதும் எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.